அடுப்பில்லாத பலகாரமும் பிள்ளைகளின் கைவேலையும்

கிராமத்து வீடுகளில் பலகாரம் என்றவுடன் எண்ணெய்ச் சட்டியே நினைவிற்கு வருகின்றது. சட்டி காயுமிடத்தில் சிறுவர்க்கு வேலையில்லை; எட்டிப் போகும்படி அதட்டப்படுவதே வழக்கம். எள்ளும் நிலக்கடலையும் சேர்த்து இடித்துருட்டும் உருண்டையோ அத்தகையதன்று. பாகு காய்ச்ச வேண்டியதில்லை. கடலையை மட்டும் பெரியவர்கள் முந்திய நாளே வறுத்து ஆறவைத்துவிட்டால், எஞ்சிய வேலை முழுவதும் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளின் கைக்கு அடங்கியதே.

இவ்வுருண்டை வெறும் தின்பண்டமன்று. நிலக்கடலையில் நூற்றுக்கு 25 பங்கு புரதமுண்டு. தோல் நீக்காத எள் 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 900 மில்லிகிராமிற்கு மேலுள்ளது. அதன் தோலிலுள்ள ஒருவகைப் புளிப்புப் பொருளினால் அது முழுவதும் உடம்பில் சேர்வதில்லையாயினும், பால் அரிதாகக் கிடைக்கும் குடும்பத்திற்கு அது பேருதவியே. உருண்டையோடு ஒரு கொய்யாத் துண்டையோ நெல்லிக்காயையோ கொடுப்பின் இவற்றிலுள்ள இரும்புச் சத்தும் நன்கு சேரும்.

இவ்வேலையில் முதன்மையானது இடிப்பதன்று, பொறுக்குவது. கடலையை வறுப்பதற்கு முன்பே வெளிச்சத்தில் முறத்திற் பரப்பி, சுருங்கியதும், கறுத்ததும், பூசணம் பிடித்ததும், முளைவிட்டதும் பிள்ளைகளால் நீக்கப்படவேண்டும். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவற்றிற்கு இடப்பட்ட கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் நஞ்சே காரணமென்று பின்னர் தெரியவந்தது. அஃபிளடாக்சின் எனப்படும் இந்நஞ்சு ஈரலைக் கெடுப்பது. நாளடைவில் புற்றுநோயையும் விளைவிக்க வல்லது. வறுத்தாலும் முற்றும் அழிவதில்லை. வெல்லத்தின் தித்திப்பு கசப்பையும் மறைத்துவிடும். ஆகவே பொறுக்குமிடத்தில் விட்ட பிழையைப் பின்னர் திருத்த வழியில்லை.

கழிவு ஒரு கைப்பிடி சேர்வதைக் கண்டு, பாடுபட்டு விளைவித்த வீட்டாருக்கு மனம் கூசுவது இயல்பே. அதைக் கோழிக்கு இறைப்பதும் மாட்டுத் தொட்டியிற் போடுவதும் தவறு. மாடு தின்றால் அந்நஞ்சின் கூறு பாலிலும் வரும். குழியிற் புதைத்துவிடுவதே தக்கது. கண்ணுக்குப் புலப்படாமலும் பூசணம் இருக்கக்கூடுமாதலின், நன்கு காய்ந்த காயை ஓட்டோடு ஈரமில்லாத இடத்தில் வைத்து, வேண்டும்போது மட்டும் உடைத்துக்கொள்வது நலம்.

வறுத்துத் தோல் நீக்கிய கடலை இரண்டு ஆழாக்கு, கழுவி மணல் அரித்து வெயிலில் உலர்த்திய எள் ஒரு ஆழாக்கு, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் ஒரு ஆழாக்கு, பொடித்த வெல்லம் அரை ஆழாக்கு, ஏலக்காய் இரண்டு. பாகு காய்ச்சுங்கால் வெல்லத்தை வடிகட்டலாம். இங்கு அதற்கு இடமில்லாமையால் மண்ணும் தூசுமில்லாத வெல்லமே வேண்டும். பேரீச்சம்பழத்தை ஒவ்வொன்றாகப் பிளந்து, உள்ளே புழு உண்டா என்று பார்க்கும் வேலையைச் சிறுவர்க்கு விட்டால் மிகுந்த உற்சாகத்துடன் செய்வார்கள். பெரியவர்களினும் கூர்மையாகவே பார்ப்பார்கள்.

நகம் வெட்டி, சவுக்காரமிட்டுக் கைகழுவிய பின்னரே உரலண்டை வரவேண்டும். முதலில் எள்ளும் ஏலக்காயும், பிறகு கடலையும் இடிபட வேண்டும். உலக்கை பெரியவர் கையில் இருக்கட்டும்; இடிக்கும்போது உரலுக்குள் பிள்ளைகள் கைவிடலாகாது. எண்ணெய் கக்குமளவிற்கு இடித்தால் உருண்டை பிசுபிசுக்கும். பொடி கையிற் பிடித்தால் நிற்கும் பக்குவத்தில் பழத்தையும் வெல்லத்தையும் சேர்த்து இரண்டொரு முறை இடித்தெடுத்து, பெரிய நெல்லிக்காயளவு உருட்டினால் சுமார் 25 உருண்டைகள் தேறும். நீர் தெளிக்கலாகாது, தெளித்தால் விரைவிற் கெடும். உலர்ந்த ஜாடியில் சில நாள் வைத்திருக்கலாம்.

ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை கொடுத்தல் ஆபத்து. மூச்சுக் குழலில் அடைத்துக்கொள்ளும். ஆதலால் அவர்களுக்குரிய பங்கில் கடலை நைய இடிபட்டிருத்தல் அவசியம். எள்ளோ கடலையோ ஒவ்வாமல் தடிப்பு, மூச்சிரைப்பு காணும் பிள்ளைக்கு இதனைத் தொடவும் கொடுக்கலாகாது. வெல்லமும் பேரீச்சையும் பல்லில் ஒட்டுமாதலின், தின்றபின் வாய் கொப்பளிக்கச் செய்யவேண்டும். நாளொன்றுக்கு ஒன்றிரண்டு போதும்.

பேரீச்சம்பழம் விலைக்கு எட்டாதபோது அதனை விட்டு வெல்லத்தை முக்கால் ஆழாக்காக்கிக்கொள்ளலாம். எள்ளின் பசையே உருண்டையைப் பிடித்து நிறுத்தும்.