கல்லில் எழுதியவர்கள் – 9: ஏழடி உயரத்தில் ஒரு கோபம்

டப்ளின் நகரத்து செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தின் சுவரில் ஒரு கறுப்புச் சலவைக்கல் பதித்திருக்கிறது. அதில் லத்தீனில் சில வரிகள், பொன்முலாம் பூசிய எழுத்துகள். கல் தரையிலிருந்து ஏழடி உயரத்தில் இருக்க வேண்டும், எழுத்துகள் பெரிதாக இருக்க வேண்டும், ஆழமாக வெட்ட வேண்டும், முலாம் அழுத்தமாக ஏற வேண்டும். இத்தனையும் அந்தக் கல்லுக்குரியவர் தன் உயிலில் எழுதிவைத்தது. உடலை நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு, கூடியவரை ஆரவாரமில்லாமல் அடக்கம் செய்துவிடுங்கள் என்று அதே உயிலில் கேட்டுக்கொண்டவர்தான் கல் விஷயத்தில் இவ்வளவு கறாராக இருந்தார். ஏழடி என்றால் யாராக இருந்தாலும் நிமிர்ந்து பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

அவர் ஜோனதன் ஸ்விஃப்ட். 1667-ல் பிறந்து 1745-ல் மறைந்தவர். 'கலிவரின் பயணங்கள்' எழுதியவர் என்றால் நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கடற்கரையில் மல்லாந்து கிடக்கிற ஒரு மனிதன். அவன் மேல் எறும்பு போல ஏறித் திரிகிற குட்டி மனிதர்கள். மயிர்க்கால் வரைக்கும் கயிறு கட்டியிருக்கிற அந்தப் படம். நானும் முதலில் பார்த்தது அதைத்தான்.

சென்ற வாரம் தாமஸ் ஜெஃபர்சனைப் பார்த்தோம். தன் கல்லறையில் மூன்று காரியங்களை மட்டும் பொறிக்கச் சொல்லி, எட்டு வருஷம் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்ததை விட்டுவிட்டவர். ஸ்விஃப்ட் அவருக்கு ஒரு படி மேலே போனார். அவர் கல்லில் ஒரு புத்தகத்தின் பெயர்கூட இல்லை. எழுத்தாளர் என்ற சொல்லே இல்லை. இந்தத் தேவாலயத்தின் டீன், அதாவது தலைமைக் குரு, இங்கே இருக்கிறார் என்று தொடங்குகிறது. அவருடைய நெஞ்சைக் கிழித்துக்கொண்டிருந்த கடுஞ்சினம் இனி அவரை எட்டாது என்கிறது. பிறகு வழிப்போக்கனைப் பார்த்து, உன்னால் முடியுமானால் சுதந்திரத்துக்காகத் தன் பலம் முழுவதையும் கொடுத்த இவரைப் போல நடந்துகொள் என்கிறது. அவ்வளவுதான். ஆங்கிலத்தின் மிகப் பெரிய அங்கத எழுத்தாளர், உலகத்தைச் சிரிக்க வைத்ததற்காகத் தன்னை நினைவில் வைக்கச் சொல்லவில்லை. கோபப்பட்டதற்காக நினைவில் வைக்கச் சொன்னார்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

தேவாலயத்தைச் சுற்றி அன்றைக்கு நெசவாளர் தெருக்கள். 1699-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் போட்ட ஒரு சட்டத்தால் அயர்லாந்தின் கம்பளித் துணி வெளிநாட்டுக்குப் போக வழியில்லாமல் அடைபட்டிருந்தது. தறி இருந்தது, கை இருந்தது, சந்தை இல்லை. நிலத்துக்காரர்கள் பலர் லண்டனில் குடியிருந்துகொண்டு குத்தகைப் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1713-ல் டீனாக வந்த ஸ்விஃப்ட் இந்தத் தெருக்களில் நடந்துபோகிற மனிதர். சிறுதொழில் செய்கிறவர்களுக்கு ஐந்து, பத்து பவுண்டாக வட்டியில்லாமல் கடன் கொடுத்து, வாராவாரம் சிறுகச் சிறுகத் திருப்பி வாங்கிக்கொள்வார். 1720-ல், உள்ளூர்த் துணியையே உடுத்துங்கள் என்று ஒரு பிரசுரம் எழுதினார். சுதேசி என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அதை அச்சடித்தவர் மேல் வழக்குப் போட்டார்கள். குற்றமில்லை என்று ஜூரிகள் சொல்ல, நீதிபதி அவர்களை ஒன்பது முறை திரும்ப உள்ளே அனுப்பினார்.

பிறகு வந்தது செப்புக்காசு விவகாரம். 1722-ல் வில்லியம் வுட் என்ற ஆங்கிலேய இரும்பு வியாபாரிக்கு, அயர்லாந்துக்கென்று அரை பென்னிக் காசும் அதற்குக் கீழான சில்லறையும் அடித்துத் தள்ள அரச உரிமம் கிடைத்தது. மொத்தம் 1,00,800 பவுண்டு மதிப்புக்கு. உரிமத்தை முதலில் கையில் வைத்திருந்தவர் மன்னரின் ஆசைநாயகி; அவருக்கு 10,000 பவுண்டு கொடுத்து வுட் வாங்கினார். அயர்லாந்துப் பாராளுமன்றத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1724-ல் ஒரு ஜவுளிக்கடைக்காரர் எழுதியதாகக் கடிதங்கள் வெளிவரத் தொடங்கின. எம்.பி. என்று கையெழுத்து. முதல் கடிதம் கடைக்காரர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் குடியானவர்களுக்கும் எழுதியது. ஸ்விஃப்ட் இறையியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆனால் இந்தக் கடிதத்தில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுகிறவரின் குரல்தான். வுட்டின் காசு புழங்கினால் என்ன ஆகும் என்று படம் காட்டுகிறார். பெரிய நிலக்கிழார் ஒருவர் அரை வருஷக் குத்தகையை வீட்டுக்குக் கொண்டுவர 250 குதிரை வேண்டியிருக்குமாம். சாமான் வாங்கப் போகிற சீமாட்டிக்குப் பின்னால் காசு ஏற்றிய வண்டி வருமாம். சிரிக்க வைத்த கையோடு, எழுதப்படிக்கத் தெரியாதவனுக்கும் விளங்குகிற ஒரு சட்ட விஷயத்தைச் சொல்கிறார்: தங்கமும் வெள்ளியும் அல்லாத காசை வாங்கியே தீர வேண்டும் என்று யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. வாங்காதே. வேலை முடிந்தது.

ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அப்போது லண்டன் நாணயச்சாலையின் தலைவர் ஐசக் நியூட்டன். அவரே காசைச் சோதித்து, உரிமத்தில் சொன்ன தரத்தில் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். காசின் தரத்தைப் பற்றி ஸ்விஃப்ட் எழுதியதில் மிகை நிறைய உண்டு. ஆனாலும் எனக்கு ஸ்விஃப்ட் பக்கமே நியாயம் தெரிகிறது. செம்பு சுத்தமா என்பதைவிட, ஒரு நாட்டு மக்களின் மடியில் அவர்களைக் கேட்காமல் காசைக் கொட்டலாமா என்பதே பெரிய கேள்வி. நான்காவது கடிதத்தில் அதை அவர் நேராகவே கேட்டுவிட்டார். சம்மதமில்லாத ஆட்சி அடிமைத்தனம் என்று எழுதினார்.

அரசாங்கம் எழுதியவரைக் காட்டிக்கொடுப்பவருக்கு 300 பவுண்டு அறிவித்தது. அன்றைக்கு அது ஒரு குடும்பம் பல வருஷம் வாழ்கிற பணம். எழுதியது யாரென்று டப்ளின் முழுவதற்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மன்னன் கையில் சாக இருந்த யோனத்தானை ஜனங்கள் கூடி மீட்ட பைபிள் கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டது. ஸ்விஃப்டின் பெயரும் அதுதானே. 1725-ல் உரிமம் ரத்தானது. அதற்குப் பிறகு அவருடைய பிறந்தநாளுக்கு டப்ளினில் சொக்கப்பனை கொளுத்தினார்கள்.

ஆனால் நான்காவது கடிதத்தை அச்சடித்த ஜான் ஹார்டிங்கைச் சிறையில் போட்டார்கள். அவர் 1725-லேயே இறந்துபோனார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1726-லிருந்து தொடர்ந்து விளைச்சல் இல்லை. பிச்சையெடுக்கிற தாய்மார்களும் பின்னால் மூன்று, நான்கு பிள்ளைகளுமாகத் தெருக்கள் நிறைந்தன. வறுமையை ஒழிக்க ஆளாளுக்குத் திட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1729-ல் 'ஓர் எளிய யோசனை' என்று ஒரு சின்னப் புத்தகம் வந்தது. பொருளாதாரம் தெரிந்த, நாட்டு நலனில் அக்கறையுள்ள ஒரு கனவான் பேசுகிறார். அவருடைய கணக்கைப் பாருங்கள். ஏழைகளுக்கு வருஷத்துக்கு 1,20,000 குழந்தைகள் பிறக்கின்றன. 20,000-ஐ இனவிருத்திக்கு நிறுத்திக்கொள்ளலாம். மீதி ஒரு லட்சத்தையும் ஒரு வயதானதும் பெரிய மனிதர்களின் சாப்பாட்டு மேசைக்கு விற்றுவிடலாம். வளர்க்க ஆகும் செலவு இரண்டு ஷில்லிங். விலை பத்து ஷில்லிங். தாய்க்கு எட்டு ஷில்லிங் நிகர லாபம். தோலில் சீமாட்டிகளுக்குக் கையுறை தைக்கலாம்.

கல்லூரிக் காலத்தில் இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போனது நினைவிருக்கிறது. ஒரு இடத்திலும் குரல் நடுங்கவில்லை. கொலைகாரன் பேசுவது போலவும் இல்லை. பட்ஜெட் வாசிப்பது போல இருந்தது. அதற்கு ஐம்பது, அறுபது வருஷம் முன்பே வில்லியம் பெட்டி என்ற அறிஞர் அயர்லாந்து மக்களுக்குத் தலைக்கு இத்தனை பவுண்டு என்று விலை போட்டுக் கணக்கு எழுதியிருந்தார். அதை யாரும் கொடூரம் என்று சொல்லவில்லை. ஸ்விஃப்ட் அந்தப் பேனாவையே வாங்கி, கணக்கை அதன் கடைசி வரிவரைக்கும் போட்டுக் காட்டினார். நிலத்துக்காரர்கள் பெற்றோரை ஏற்கெனவே தின்றாகிவிட்டது, பிள்ளைகள் மேலும் அவர்களுக்குத்தான் முதல் பாத்தியதை என்கிறார். நடுவில், வேறு வழி எதையும் என்னிடம் பேசாதீர்கள் என்று ஒரு பட்டியல் வருகிறது: வெளியூரில் இருக்கும் நிலத்துக்காரர்களுக்கு வரி போடுவது, உள்ளூர்ச் சரக்கையே வாங்குவது, குடியானவனிடம் கொஞ்சம் இரக்கம் காட்டுவது. அத்தனையும் அவர் பல வருஷமாகத் தன் சொந்தக் குரலில் கேட்டுக் கேட்டு யாரும் செய்யாதவை.

அந்தப் புத்தகத்தை அச்சடித்தவர் பெயர் எஸ். ஹார்டிங் என்று முகப்பில் இருக்கிறது. சாரா ஹார்டிங். ஜான் ஹார்டிங்கின் விதவை. புருஷனைச் சிறைக்கு அனுப்பிய கையெழுத்தை வாங்கி மறுபடியும் அச்சுக் கோத்த பெண். சாராவுக்குச் சலவைக்கல் எதுவும் இல்லை.

காசுக் கடிதம் ஜெயித்தது. இந்தப் புத்தகத்தால் ஒரு குத்தகைகூடக் குறையவில்லை. காரணம் எழுத்தில் இல்லை என்று நினைக்கிறேன். காசை வாங்காமல் இருக்கக் கடைக்காரனால் முடிந்தது. பசிக்காமல் இருக்க யாரால் முடியும்?

1731-ல் ஸ்விஃப்ட் தன் சாவைப் பற்றித் தானே ஒரு நீண்ட கவிதை எழுதினார். அச்சில் வந்தது 1739-ல். சாவுச் செய்தி வருகிறது, சீட்டாடிக்கொண்டிருக்கும் பெண்கள் ஆட்டத்தை நிறுத்தாமலே வருத்தப்படுகிறார்கள். ஒரு வருஷம் கழித்து ஒருவர் கடைக்குப் போய் அவர் புத்தகத்தைக் கேட்டால் கிடைக்கவில்லை. கடைசியில் மதுக்கடையில் ஒருவர் எழுந்து அவருக்காக நியாயம் பேசுகிறார். குற்றத்தை அடித்தாரே தவிர ஆளின் பெயரைச் சொல்லி அடிக்கவில்லை என்று சாட்சி சொல்கிறார். அது உண்மையில்லை. அந்தக் கவிதையிலேயே பெயர்கள் இருக்கின்றன. வுட்டையும் ஜூரிகளை மிரட்டிய நீதிபதியையும் அவர் பெயர் சொல்லியே விரட்டியவர். அவர் செய்ததுதான் சரி. ஊர்க் குற்றம் என்று பொதுவாகத் திட்டினால் எல்லோரும் சேர்ந்து கைதட்டிவிட்டுப் போவார்கள்.

கல்லில் உள்ள சுதந்திரம் என்ற சொல்லையும் அப்படியே விழுங்க முடியாது. நாட்டில் பெரும்பான்மையான கத்தோலிக்கருக்கு நிலத்திலும் பதவியிலும் தடை. 1728-ல் ஓட்டுரிமையும் போனது. அவர்களின் பசிக்காக எழுதியவர் அவர்களின் உரிமைக்காக எழுதவில்லை. தன் சபைக்கு மட்டுமே உரிய சலுகைகளைக் கடைசிவரை விடாமல் காத்தார். நான் மதிக்கிற மனிதர் என்பதால் இதைச் சொல்லாமல் போவது முறையாகாது.

உயிலில் தேதி 1740 மே 3. அந்தக் குளிர்காலத்தில்தான் வரலாறு காணாத உறைபனியில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. அடுத்த வருஷத்துக்குள் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். 72 வயதில், காது கேளாமல், தலைசுற்றலோடு உட்கார்ந்து அந்த உயிலை எழுதினார். கார்க் நகரம் மரியாதை செய்து கொடுத்த வெள்ளிப் பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது. 1737-ல் அது வந்தபோது, எதற்காகக் கொடுத்தீர்கள் என்று பெட்டியில் ஒரு எழுத்துகூட இல்லையே என்று திருப்பி அனுப்பியவர் அவர். உயிலில் அந்தப் பெட்டியை ஒரு நண்பருக்குக் கொடுத்து, வழக்கமாக மெல்லுகிற புகையிலையை அதில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். ஊர் கொடுத்த பட்டத்துக்கு அவர் போட்ட மதிப்பு அவ்வளவுதான். கறுப்புச் சலவைக்கல் மட்டும் வேறு.

1742-ல் அவருக்குச் சித்த சுவாதீனம் இல்லை என்று அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள். கோபக்காரர், அதனால்தான் பைத்தியமானார் என்று ஊர் கதை கட்டியது. நூறு வருஷம் அந்தக் கதை நின்றது. 1835-ல் தேவாலயத்துக்குள் பழுது பார்த்தபோது அவருடைய மண்டையோட்டையும், அவர் உயிராக நேசித்த ஸ்டெல்லாவின் மண்டையோட்டையும் வெளியே எடுத்து, பெரிய வீடுகளுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். 1849-ல் வில்லியம் வைல்ட் என்ற மருத்துவர், ஆஸ்கர் வைல்டின் தகப்பனார், தனிப் புத்தகமே எழுதி அவர் பைத்தியக்காரர் அல்லர் என்று வாதாடினார். இளமை முதல் அவரைப் படுத்தியது உட்செவி நோய் என்றே இன்றைய மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

மனநோயைப் பற்றி அவருக்கு நேரடியாகவே தெரியும். 1714-ல் லண்டன் பெத்லெம் மனநல விடுதியின் நிர்வாகக் குழுவில் அவரைச் சேர்த்திருந்தார்கள். அங்கே நோயாளிகளை வேடிக்கை பார்க்க ஜனங்கள் வருவது அன்றைய வழக்கம். அயர்லாந்தில் அப்படிப்பட்டவர்களுக்கென்று ஓரிடம்கூட இல்லை. உயிலில் தன் சொத்தின் பெரும்பகுதியை, 10,000 பவுண்டுக்கு மேல், அப்படி ஓர் இடம் கட்டத்தான் எழுதிவைத்தார். தன் சாவுக் கவிதையின் முடிவில் இந்தத் தர்மத்தையும் ஒரு கேலியாக ஆக்கியிருப்பார். இந்த நாட்டுக்கு இதைவிட அவசியமானது எதுவுமில்லை என்று. அதைப் படித்தவர்கள் சிரித்தார்கள். அவரோ அதற்கு நிலம் தேடி, ஆலோசனை கேட்டு, காசு சேர்த்துக்கொண்டிருந்தார்.

1746-ல் அரசாணை கிடைத்தது. 1757-ல் முதல் நோயாளிகள் உள்ளே வந்தார்கள். செயின்ட் பேட்ரிக் மருத்துவமனை இன்றைக்கும் அதே இடத்தில் மனநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டிருக்கிறது. தேவாலயத்திலிருந்து மேற்கே நடந்துபோகிற தூரம். ஏழடி உயரத்துக் கல்லில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

(தொடரும்)