வீடு நிறைந்திருக்கும்போது குடிசைக்கு வாருங்கள்

பண்டிகை வந்துவிட்டது, வீட்டில் குறை ஒன்றுமில்லை, ஆனாலும் கடவுளுக்கு நன்றி சொல்ல உட்கார்ந்தால் மனம் ஒட்டமாட்டேன் என்கிறது. இப்படிப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள். இதற்கு யூதர்கள் கைக்கொண்டு வரும் ஒரு வழியைச் சொல்கிறேன்.

தமிழ் பைபிளில் ‘கூடாரப் பண்டிகை’ என்று வாசித்திருப்பீர்கள். எபிரேயத்தில் அது சுக்கோத். திஷ்ரி மாதம் 15ஆம் நாள், பௌர்ணமியை ஒட்டித் தொடங்கும். நம் கணக்கில் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். களத்துத் தானியமும் ஆலைத் திராட்சரசமும் வீடு வந்து சேர்ந்த சமயம். வருஷத்தில் வீடு நிறைந்திருக்கும் அந்த வாரத்தில்தான், ஏழு நாள் வெளியே வந்து குடிசையில் உட்காரச் சொல்கிறது வேதம். எகிப்திலிருந்து புறப்பட்ட முன்னோர் கூடாரங்களில் குடியிருந்ததைப் பின்வரும் தலைமுறை அறிய வேண்டும் என்று லேவியராகமம் 23ஆம் அதிகாரம் காரணமும் சொல்கிறது.

முன்னோர் புறப்பட்டது வசந்த காலத்தில். அப்படியிருக்க, அறுவடை முடிந்த பிறகு ஏன் குடிசை? 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த வேத உரையாசிரியர் ரஷ்பாம் இதற்கு ஒரு பதில் சொன்னார். களஞ்சியம் நிறைந்திருக்கும்போதுதான் ‘எல்லாம் என் கை பலத்தால் வந்தது’ என்ற நினைப்பு தலைக்கேறும். உபாகமம் 8ஆம் அதிகாரம் எச்சரிப்பதும் அதைத்தான். வயிறு நிறைந்து நல்ல வீட்டில் குடியிருக்கும் மனிதனுக்குத்தான் மறதி வரும். ஆகவே அவனை அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வெளியே உட்கார வைக்க வேண்டும். இவ்வளவு துல்லியமாக மனித மனத்தைப் படித்த பண்டிகை எனக்குத் தெரிந்து வேறில்லை.

குடிசையின் விதிகளையும் கேளுங்கள். சுவர் எதனாலும் இருக்கலாம். கூரை மட்டும் மண்ணில் விளைந்து வெட்டியெடுத்த ஓலை, தழை, கிளைகளால்தான் வேய வேண்டும். வெயிலைவிட நிழல் அதிகம் விழ வேண்டும். ஆனால் இரவில் நட்சத்திரம் தெரியும் அளவுக்கு இடைவெளி விடுவது வழக்கம். மேலே மரக்கிளையோ கட்டடமோ கவிந்திருக்கக் கூடாது. அதனாலேயே எருசலேமில் பல அடுக்குமாடி வீடுகளின் பால்கனிகளை ஒன்றுக்கு நேர்மேல் ஒன்று வராமல் விலக்கிக் கட்டியிருக்கிறார்கள். பெருமழை கொட்டினால் உள்ளே போய்விடலாம். உடம்பை வருத்துவது நோக்கமில்லை. நாம் நம்பியிருக்கும் கான்கிரீட் கூரை ஒரு வாரம் தலைக்கு மேல் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். ஒழுகும் கூரையின் கீழ் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு, தன்னைக் காக்கிறவர் யார் என்று யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

இன்னொன்று, இதுவே பெரியது என்பேன். இந்தச் சந்தோஷத்தில் யாரெல்லாம் இருக்க வேண்டும் என்று உபாகமம் 16 பட்டியலே போடுகிறது: மகன், மகள், வேலைக்காரர், லேவியர், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. ரஷ்பாம் வாழ்ந்த அதே 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இன்னொரு யூத அறிஞர் மைமோனிடிஸ் கறாராகவே எழுதினார்: கதவைச் சாத்திக்கொண்டு தன் குடும்பத்தோடு மட்டும் உண்கிறவன் கொண்டாடுவது பண்டிகையை அல்ல, தன் வயிற்றை.

நன்றிக்குரியவற்றைப் பட்டியல் எழுதுங்கள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். எழுதலாம், தவறில்லை. ஆனால் இருக்கும் பொருளையே எண்ணிக்கொண்டிருந்தால் மனம் பொருளிலேயே நின்றுவிடுகிறது; கொடுத்தவரிடம் போவதில்லை. இல்லாமையை ஒரு வேளையாவது தொட்டுப் பார்த்தால்தான் மனம் அவரைத் தேடிப் போகும்.

கிறிஸ்துமஸோ பொங்கலோ, உங்கள் வீட்டில் எது வந்தாலும், ஒரு வேளைச் சாப்பாட்டை மொட்டைமாடிக்கோ முற்றத்துக்கோ கொண்டுபோங்கள். டிவி வேண்டாம், போன் வேண்டாம். உங்கள் தாத்தா பாட்டி குடியிருந்த வீடு எப்படி இருந்தது, மழை பெய்தால் எங்கே பாத்திரம் வைத்தார்கள், பள்ளிக் கட்டணம் கட்டப் பணமில்லாதபோது யார் கொடுத்தார்கள் என்று பிள்ளைகளுக்குப் பேர் சொல்லிச் சொல்லுங்கள். பிறகு ஜெபமோ பிரார்த்தனையோ செய்யுங்கள். அந்தப் பந்தியில் ஒரு இலை, இந்த வருஷம் பண்டிகை இல்லாத ஒரு வீட்டாருக்காகப் போடுங்கள். அவர்களை நீங்களே நேரில் போய் அழையுங்கள்.