கிணற்று நீரை அளந்த பின் கோடைப் பயிர்

பருவ மழை குறைவின்றிப் பெய்தும் மாசியிலேயே கிணறு வற்றிவிட்டதாகக் கிணற்றுப் பாசன விவசாயிகள் சிலர் கூறுவதுண்டு. மழையின் மொத்த அளவு குறையாவிட்டாலும், பெய்யும் விதம் மாறினால் இவ்வாறு நேரும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது பெருமழையாகக் கொட்டும் வாய்ப்பு அதிகரிக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தமிழ்நாட்டின் ஓராண்டுச் சராசரி மழையே சுமார் 92 செ.மீ. தான்!

தமிழ்நாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலம் கடினப் பாறைப் பகுதி. இங்கு பாறை வெடிப்புகளிலும் சிதைந்த பாறை அடுக்கிலுமே நீர் தங்கும். ஈரம் காயாத நிலத்தில் பல நாட்கள் விட்டுவிட்டுப் பெய்யும் மழை ஊறும் அளவுக்கு, ஒரே நாளில் கொட்டும் மழை ஊறாது, ஓடையில் போய்விடும். எனவே மழை நாட்களையும் எண்ண வேண்டும். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாளே மழை நாள்.

அளப்பதற்குச் செலவு ஏதுமில்லை. தட்டையான அடியும் நேரான பக்கமும் உள்ள டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலையில் அடிக்கோல் கொண்டு நீரின் உயரத்தை அளந்தால் அதுவே மழையளவு. ஜனவரியிலும் மே மாதத்திலும், காலையில் மோட்டார் போடுவதற்கு முன், கல் கட்டிய கயிற்றால் தரைமட்டத்திலிருந்து நீர்மட்டம் வரையுள்ள ஆழத்தை அளந்து நோட்டில் குறித்து வரவேண்டும்.

2016இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிடச் சுமார் 62 சதவீதம் குறைந்தது. இப்படி ஓராண்டு பொய்த்ததை மட்டும் வைத்துத் தட்பவெப்பம் மாறிவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. அதற்கு முப்பது ஆண்டுக் கணக்காவது தேவை. மழையும் மழை நாட்களும் குறையாமல், ஜனவரி நீர்மட்டம் மட்டும் ஆண்டுதோறும் இறங்கினால், சுற்றிலும் பெருகிவிட்ட ஆழ்குழாய்க் கிணறுகளையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பழியை வானத்தின் மேல் போடுவது எளிது.

ஏக்கருக்கு ஒரு செ.மீ. நீர் என்பது சுமார் 40,000 லிட்டர். நவரை நெல்லுக்குச் சுமார் 120 செ.மீ., அதாவது 48 லட்சம் லிட்டர் வேண்டும். உளுந்துக்கு 28 செ.மீ., கேழ்வரகுக்கு 35 செ.மீ. போதும். ஜனவரி நீர்மட்டம் சென்ற ஆண்டைவிடக் கீழே இருந்தால் நெல் நடவைக் கைவிட்டு, மாசிப் பட்டத்தில் உளுந்து விதைக்கலாம்.