கம்ப்யூட்டர் படிப்பு: முதல் எவ்வளவு, வரவு எவ்வளவு?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் நம் வணிகர் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான். "பையனைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிட வேண்டும்." பெண் பிள்ளையானாலும் அதே பேச்சுத்தான். சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்க நாலு மண்டியில் விலை கேட்கும் நாம், பல லட்சம் முதல் போடும் இந்தக் காரியத்தில் கணக்கே பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறோமே, அதுதான் வியப்பாக இருக்கிறது.

முதலில் சரக்கின் விலையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசின் கட்டணக் குழு 2017-ல் நிர்ணயித்தபடி, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு ரூ.55,000, நிர்வாக ஒதுக்கீட்டில் ரூ.87,000. கலந்தாய்வில் இடம் கிடைப்பதற்கும், நேரே போய்க் கேட்டு வாங்குவதற்கும் நாலாண்டில் ரூ.1,28,000 வித்தியாசம். இது ரசீது கொடுக்கும் கணக்கு மட்டுமே. கட்டாய நன்கொடையைத் தடுக்கும் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் ரசீது இல்லாமல் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அந்தப் பணத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது. அது கல்லாவிலிருந்தோ, நகை அடகிலிருந்தோ, கொள்முதலுக்கு வைத்த பணத்திலிருந்தோதான் போகிறது. தீபாவளிச் சரக்கு எடுக்க வேண்டிய நேரத்தில் கை வறண்டு நிற்பது இதனால்தான்.

விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து வங்கியில் 5 லட்சம் கல்விக் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ரூ.1,25,000 வீதம் நாலு தவணையாகக் கொடுப்பார்கள். வட்டி 10 சதவீதம் என்றால், படிக்கும் காலமும் அதன்பின் தரும் ஓராண்டு அவகாசமும் சேர்த்து வட்டி மட்டும் ரூ.1,75,000 ஏறிவிடும். ஆக, திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் 5 லட்சம் இல்லை, ஆறே முக்கால் லட்சம். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் ரூ.8,920 வேண்டும்.

இப்போது வரவுப் பக்கத்துக்கு வருவோம். கல்லூரி விளம்பரங்களில் ஒரு மாணவனின் படத்தைப் போட்டு ஆண்டுச் சம்பளம் 20 லட்சம், 30 லட்சம் என்று அச்சடிக்கிறார்கள். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் புதிதாகச் சேரும் சாதாரணப் பட்டதாரிக்குக் கொடுப்பது ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான். பல ஆண்டுகளாக இதே நிலைதான். பி.எஃப். முதலான பிடித்தம் போகக் கைக்கு மாதம் 25,000 வந்தால் அதிகம். சென்னையிலோ பெங்களூரிலோ அறை வாடகை, சாப்பாடு, பஸ் என்று 15,000 போய்விடும். மிச்சம் பத்தாயிரம். தவணை போக ஆயிரத்துச் சொச்சம். இது வேலை கிடைத்த பிள்ளையின் கணக்கு.

வேலை எப்போதும் சொன்ன தேதியில் கிடைப்பதுமில்லை. 2001-லும் 2008-லும் இந்தத் துறை படுத்ததை நாம் பார்த்தோம். 2022-ல் வேலை உத்தரவு வாங்கிய பிள்ளைகள் பலர் மாதக்கணக்கில் வீட்டில் காத்திருந்தார்கள். வங்கிக்கு அந்தக் காரணமெல்லாம் தெரியாது. கல்விக் கடனில் தந்தையும் கூட்டுக் கடன்தாரர். தவணை தவறினால் அது நம் சிபில் கணக்கிலும் ஏறும். மறுவருடம் கடையின் ஓ.டி. வரம்பைக் கூட்டிக் கேட்கப் போகும்போதுதான் அதன் வலி தெரியும். கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பெரும்பாலும் சொத்து ஈடும் கேட்பார்கள். தரவரிசையில் முன்னிற்கும் கல்லூரிகளுக்கு மட்டும் 2024-ல் வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில் ஈடு இல்லை. கடைக் கட்டடத்தை ஈடு வைக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

அப்படியானால் கம்ப்யூட்டர் படிப்பே வேண்டாமா? நாம் அப்படிச் சொல்லவில்லை. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். மூன்றே ஆண்டு. அந்தப் பட்டதாரிகளையும் பெரிய நிறுவனங்கள் எடுக்கின்றன. மேலே படிக்க விரும்பினால் எம்.சி.ஏ. இருக்கிறது, 2020 முதல் அதுவும் இரண்டாண்டுதான். சுமாரான பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தைவிட இது பல பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்பதே நம் கருத்து. "எஞ்சினீயர்" என்று பத்திரிகையில் போட முடியாதே என்ற குறை சிலருக்கு இருக்கலாம். அதற்கு நாம் என்ன செய்ய!

பொறியியல்தான் என்று முடிவு செய்தால், அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். கல்லூரியில் அதிகபட்சச் சம்பளத்தைக் கேட்காதீர்கள். சென்ற ஆண்டு அந்தப் பிரிவில் படித்து முடித்தவர் எத்தனை பேர், வேலைக்குப் போனவர் எத்தனை பேர், நடுவில் நிற்கும் பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள். பதில் வழுக்கினால் வேறு கடை பாருங்கள்.

பெற்றோர் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், 2009-ல் வந்த மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தைப் பற்றி வங்கியில் கேட்க வேண்டும். தரச்சான்று பெற்ற கல்லூரிகளுக்கே அது பொருந்தும். கிடைத்தால் மேலே சொன்ன ரூ.1,75,000 வட்டி நம் தலையில் ஏறாது. கிடைக்காதவர்கள் படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டி வரலாம். நம் கணக்குப்படி முதலாண்டில் மாதம் ரூ.1,040, நாலாமாண்டில் ரூ.4,170 வரும். இப்படிக் கட்டுவோருக்கு வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உண்டு. கடன் 5 லட்சத்திலேயே நிற்கும். பிள்ளை பிறகு கட்ட வேண்டிய தவணையும் ரூ.8,920-லிருந்து சுமார் ரூ.6,610-ஆக இறங்கும்.