பாண்டி பஜார்

பாண்டி பஜார் என்பது சென்னை மாநகரின் தியாகராய நகரில் உள்ள புகழ் பெற்ற கடைத்தெரு ஆகும். அண்ணா சாலையில் இருந்து பனகல் பூங்கா வரை செல்லும் தியாகராய சாலையின் மேற்குப் பகுதி இப்பெயரால் அழைக்கப்படுகிறது. ஆடை, அணிகலன், காலணி, கைப்பை முதலியவற்றை விற்கும் கடைகள் இங்கு நிறைந்துள்ளன.

பெயர்க்காரணம்

நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனாரின் (1893–1953) நினைவாக வழங்கிய 'சௌந்தரபாண்டியனார் அங்காடி' என்னும் பெயரே சுருங்கிப் பாண்டி பஜார் ஆயிற்று என்பர். புதுச்சேரியில் இருந்து வந்த வணிகர்கள் கடை வைத்ததால் இப்பெயர் வந்தது என்பது மற்றொரு கருத்து.

வரலாறு

தியாகராய நகர் 1920களில் மாம்பலம் பகுதியில் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட குடியிருப்பு ஆகும். நீதிக்கட்சியை நிறுவியவர்களுள் ஒருவரான பிட்டி தியாகராயரின் பெயர் நகருக்கும், 1921 முதல் 1926 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பனகல் அரசரின் பெயர் பூங்காவிற்கும் இடப்பட்டன. குடியிருப்பு வளர்ந்தபோது கடைகளும் பெருகின. பனகல் பூங்கா அருகில் உள்ள நல்லி பட்டு நிறுவனம் 1928இலும், பாண்டி பஜாரில் உள்ள நாயுடு ஹால் 1939இலும் தொடங்கப்பட்டவை.

நடைபாதை வணிகம்

பாண்டி பஜாரில் இருவகை வணிகம் அருகருகே நடைபெற்று வந்தது. கடைகளின் உள்ளே பெரும்பாலும் விலை மாறாது. வெளியே நடைபாதையில் வளையல், தோடு, துப்பட்டா, பை போன்றவை பேரம் பேசி விற்கப்பட்டன. பெரிய கடையில் புடவை எடுத்தவர், அதற்கு ஏற்ற வளையலை வாசலிலேயே குறைந்த விலையில் வாங்க முடிந்தது. இதுவே இத்தெருவின் தனித்தன்மையாக விளங்கியது. ஆனால் நடப்பவர்களுக்கு இடம் குறைந்து, அவர்கள் ஊர்திகளுக்கு நடுவே சாலையில் செல்ல வேண்டியிருந்தது.

2013ஆம் ஆண்டு நடைபாதை வியாபாரிகள் மாநகராட்சி கட்டிய அடுக்கு வணிக வளாகத்திற்கு மாற்றப்பட்டனர். வழிப்போக்கர் கண்ணில் பட்டால்தான் நடைபாதைப் பொருள் விற்கும். மாடி ஏறி வருவோர் குறைவு என்பதால், இத்தகைய இடமாற்றம் வியாபாரிகளின் வருவாயைப் பாதிக்கக்கூடியது.

2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுக்களில் குறைந்தது 40 விழுக்காடு உறுப்பினர்கள் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும் என்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும் வரை அவர்களை அகற்றுவதையும் இச்சட்டம் தடுக்கிறது.

நடைபாதை வளாகம்

சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ், பனகல் பூங்கா முதல் தணிகாசலம் சாலை வரையிலான பகுதி மாற்றி அமைக்கப்பட்டு, நவம்பர் 2019இல் திறந்து வைக்கப்பட்டது. ஊர்திகளுக்கான அகலம் குறைக்கப்பட்டு, இருபுறமும் அகன்ற நடைபாதைகளும் இருக்கைகளும் அமைக்கப்பட்டன. இதனால் முதியோரும் குழந்தைகளுடன் வருவோரும் அச்சமின்றி நடக்கவும், பொருள் வாங்காமலே அமர்ந்து இளைப்பாறவும் முடிகிறது.

பிறநாட்டு ஒப்பீடு

யப்பானின் ஒசாக்கா நகரில் உள்ள மிடோசுஜி சாலை இத்தகைய மாற்றத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகும். 1937இல் பணி நிறைவுற்ற இச்சாலை உமேடாவிற்கும் நம்பாவிற்கும் இடையே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளம் கொண்டது. இருமருங்கிலும் கிங்கோ மரங்கள் உள்ளன. சின்சாய்பாஷி அருகே உலகின் விலை உயர்ந்த ஆடை, தோற்பொருள் நிறுவனங்களின் கடைகள் வரிசையாக அமைந்துள்ளன. ஆறு தடங்கள் கொண்ட இச்சாலை 1970 முதல் ஒருவழிப் பாதையாக உள்ளது. அதன் ஓரத் தடங்கள் படிப்படியாக நடைபாதையாக மாற்றப்பட்டு வருகின்றன. நூற்றாண்டு நிறைவுறும் 2037ஆம் ஆண்டை ஒட்டி, சாலை முழுவதையும் நடப்போருக்கு உரியதாக்குவது ஒசாக்கா மாநகராட்சியின் இலக்கு ஆகும்.

ஊர்திகளிடம் இருந்த இடத்தை நடப்பவர்களுக்குத் திருப்பித் தருவது இரு தெருக்களுக்கும் பொதுவான நோக்கம். எனினும் மிடோசுஜியில் ஊர்திகளுக்கும் நடப்பவர்களுக்கும் இடையே மட்டும் இடத்தைப் பங்கிட்டால் போதும். பாண்டி பஜாரில் மூன்றாவதாக நடைபாதை வியாபாரியும் உள்ளார். அகன்ற நடைபாதையில் அவருக்கும் அளவான இடம் ஒதுக்கப்படுமா என்பதைப் பொறுத்தே, எல்லா வருவாய்ப் பிரிவினரும் பொருள் வாங்கும் தெருவாக இது தொடர்வது அமையும்.