கிரேக்கர்களின் கிராமத்துச் சலட்



‘கிரேக்கச் சலட்’ என்ற பெயரில் உணவகங்கள் பலவற்றில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் லெட்டூஸ் இலைகள் நிரம்பிய ஒரு கலவையே. கிரேக்க நாட்டில் இதன் பெயரும் வேறு, உருவமும் வேறு. அங்கு இதனை ‘ஹொரியாட்டிகி’ என்பர். ‘ஹொரியோ’ என்பது கிராமத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஆகவே இது ‘கிராமத்துச் சலட்’ எனப் பொருள்படும். கோடையில் தோட்டத்திலே விளையும் காய்கறிகளே இதற்குப் போதுமானவை. இலைவகை எதுவும் சேர்ப்பதில்லை.

நால்வருக்குத் தேவையானவை: நன்கு பழுத்த தக்காளி 4, வெள்ளரிக்காய் 1, பச்சைக் குடைமிளகாய் 1, சிறிய சிவப்பு வெங்காயம் 1, கறுப்பு ஒலிவங்காய் 12, ஃபெட்டா பாற்கட்டி 200 கிராம், ஒலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, உலர்ந்த ஒரிகானோ இலைத்தூள் 1 தேக்கரண்டி, சிறிதளவு உப்பு.

செய்முறை: தக்காளியைப் பெரிய துண்டுகளாகவும், வெள்ளரியைத் தடித்த வில்லைகளாகவும், வெங்காயத்தையும் குடைமிளகாயையும் மெல்லிய வளையங்களாகவும் நறுக்குக. சிறுவர்கள் பெரியோர் அருகிலிருக்கும்போதே கத்தியைக் கையாளுதல் வேண்டும். நறுக்கியவற்றின்மேல் உப்பைத் தூவிப் பத்து நிமிடம் வைத்திருங்கள். உப்பு காய்கறிகளிலுள்ள நீரை வெளியே ஈர்க்கும். அச்சாறு எண்ணெயுடன் சேர்ந்து சுவையான குழம்பாகும். பாற்கட்டியே உப்புச்சுவை உடையதாதலால் உப்பைக் குறைத்தே இடுக. பின்னர் ஒலிவங்காய்களையும் எண்ணெயின் பெரும்பகுதியையும் சேர்த்திடுக. பாற்கட்டியை உதிர்க்காது முழுத்துண்டாக மேலே வைத்து, ஒரிகானோவைத் தூவி, எஞ்சிய எண்ணெயை ஊற்றுக. ஒலிவங்காயினுள் கொட்டை இருக்கலாம். கவனமாக உண்ணுதல் நன்று. அடியில் தேங்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். கிரேக்கர் அதனைப் பாணால் தோய்த்து விரும்பி உண்பர்.

இச்சலட்டின் சிறப்புக்குரிய பொருள் ஃபெட்டா. செம்மறியாட்டுப் பாலில், அல்லது அதனுடன் 30 வீதத்துக்கு மேற்படாத வெள்ளாட்டுப் பால் கலந்து செய்து, உப்புநீரில் முதிரவைக்கப்படுவது அது. பிற ஐரோப்பிய நாடுகள் சில பசுப்பாலில் செய்த பாற்கட்டியையும் இதே பெயரில் விற்று வந்தன. 2002ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் அப்பெயரைக் கிரேக்கத்துக்கே உரியதாகப் பதிவு செய்தது. டென்மார்க்கும் ஜெர்மனியும் எதிர்த்து வழக்காடின. 2005இல் ஐரோப்பிய நீதிமன்றம் கிரேக்கத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஓர் உணவின் பெயருக்காக ஒரு நாடு இவ்வளவு போராடியிருக்கிறது!

இங்கு ஒரு வியப்பும் உண்டு. இச்சலட்டின் உயிர்நாடியான தக்காளி கிரேக்கத்துக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து, 1492இல் கொலம்பசு அங்கு சென்றடைந்த பின்னரே அது ஐரோப்பாவுக்கு வந்தது. ஒலிவ் எண்ணெயையும் ஆட்டுப்பாற் பாற்கட்டியையும் சுவைத்த சோக்கிரட்டீஸ் தக்காளியைக் கண்டதே இல்லை. நம் சமையலறையும் இத்தகையதே. மிளகாயும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். நம் முன்னோர் மிளகைப் போன்ற உறைப்புக் கண்டு அதற்கு ‘மிளகாய்’ எனத் தமிழ்ப் பெயரிட்டுத் தமதாக்கிக் கொண்டனர்.

வந்ததைத் தமதாக்கிக் கொள்வதும், தமக்குரியதன் பெயரையும் முறையையும் வழுவாது காப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே மரபு. இவ்வார இறுதியில் பிள்ளைகளுடன் சேர்ந்து இச்சலட்டைச் செய்து பாருங்கள். உண்ணும்போது ‘மிளகாய்’ என்ற சொல்லின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.