குறட்டை மிஷின் பரணில், அண்ணாச்சி மீடியனில்! மாஸ்க் சரியில்லாததால் வந்த வினை

சென்னை வடபழனியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், குறட்டை நோய்க்காக 40 ஆயிரம் ரூபாய் போட்டு ஒரு மிஷின் வாங்கினார். பத்தே நாளில் அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். அடுத்த மாதமே மொபெட்டில் போகும்போது கண் அயர்ந்து, நூறடி ரோட்டில் சென்டர் மீடியனில் மோதி, மயிரிழையில் உயிர் தப்பினார்.

மிஷின் மேல் ஒரு தப்பும் இல்லை. முகத்தில் மாட்டும் மாஸ்க்தான் சரியில்லை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

அண்ணாச்சிக்கு வயது 52. பூர்வீகம் திருச்செந்தூர் பக்கம். கனத்த சரீரம், அதைவிடக் கனத்த மீசை. இரவு 9.30 மணிக்குக் கடை ஷட்டர் இறங்கும். 10 மணிக்குப் படுத்தால் 4.30 மணிக்கு எழுந்து கோயம்பேடு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

குறட்டை என்றால் சாதாரணக் குறட்டை இல்லை. "கீழே ராத்திரியில் மாவு மிஷின் ஓட்டுறீங்களா?" என்று மாடியில் புதிதாகக் குடிவந்தவர் கேட்டாராம்.

அந்தச் சத்தம் திடீரென்று நிற்கும். அப்போதுதான் அவர் மனைவிக்கு அடிவயிறு கலங்கும். பத்து எண்ணுவார், இருபது எண்ணுவார். மூச்சு வராது. பிறகு "ஹக்" என்று ஒரு சத்தத்தோடு மூச்சு திரும்பும். "என்னங்க... என்னங்க..." என்று தட்டி எழுப்பினால், "ஒண்ணுமில்லே, படு" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ராத்திரி போன தூக்கம் பகலில் வட்டியோடு வந்தது. கல்லாவில் உட்கார்ந்தபடியே தலை தொங்கும். 100 ரூபாய் கொடுத்த அம்மாளுக்கு 500 ரூபாய்க்கு மீதி கொடுத்துவிட, அந்த அம்மாளே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த கதையும் உண்டு. எல்லா வாடிக்கையும் அப்படி இருக்குமா?

தொண்டை மூடுகிறது

இந்த நோய்க்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, காற்றுப் போகும் வழி அடைபடுகிறது. பத்து விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் அது ஒரு கணக்கு. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பதறி எழுப்பிவிடுகிறது. தூங்குகிறவருக்கு இது எதுவும் தெரியாது. ரத்தக் கொதிப்பு, இருதய நோய், பக்கவாதம் எல்லாவற்றுக்கும் இதோடு சம்பந்தம் உண்டு.

தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி சோதனை செய்தார்கள். மூச்சு நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 41 தடவை. மணிக்கு 30 தொட்டாலே கடுமையான நோய் என்பது டாக்டர்கள் கணக்கு.

"சி-பாப் மிஷின் வைத்துத்தான் தூங்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார் டாக்டர்.

பலர் நினைப்பதுபோல இது ஆக்சிஜன் சிலிண்டர் அல்ல. அறையில் இருக்கும் காற்றையே உள்ளே இழுத்து, ஒரே சீரான அழுத்தத்தில் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் ஒரு சின்ன ஊதி. அந்த அழுத்தம் தொண்டையை மூடவிடாமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

"எல்லோருக்கும் செட் ஆகும்"

மிஷின் விற்ற ஆசாமி, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "சார், இது எல்லோருக்கும் செட் ஆகும்" என்றார். அளவு எடுக்கவில்லை. மாட்டிப் பார்க்கவும் இல்லை. காலுக்குச் செருப்பு வாங்கினால்கூட நாலு ஜோடி போட்டுப் பார்க்கிறோம்!

முதல் நாள் ராத்திரியே கலாட்டா ஆரம்பம். மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணுக்குள் அடித்தது. மீசை மேல் ரப்பர் படியவில்லை. போதாக்குறைக்கு, படுக்குமுன் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து, கையில் மிச்சம் இருந்ததை முகத்திலும் தடவிக்கொள்வது அண்ணாச்சியின் பழக்கம். ரப்பர் வழுக்கியது.

"வாரை இறுக்கினால் சரியாகும்" என்று பிடித்து இறுக்கினார். கசிவு அதிகமானதுதான் மிச்சம். நாலாம் நாள் மூக்குத் தண்டில் சிவப்புத் தழும்பு. ஏழாம் நாள் புண். கடைக்கு வந்தவர்கள் எல்லாம், "என்ன அண்ணாச்சி, வீட்டில் சண்டையா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஓட்டையை அடைத்த விபரீதம்

இதைவிட விபரீதம் எட்டாம் நாள் நடந்தது. மாஸ்க்கின் முன்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. அதிலிருந்து "உஸ்... உஸ்..." என்று காற்று வரும். பக்கத்தில் படுத்தவருக்குத் தூக்கம் போயிற்று. 'இங்கேதான் லீக்' என்று நினைத்த அண்ணாச்சி, அந்த ஓட்டைகள் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்!

விடிந்தபோது தலை வெடிக்கிற மாதிரி வலி. வீட்டுக்கு வந்த மைத்துனர் பார்த்து அலறி, பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்தார். நல்ல காலம், அத்தோடு போயிற்று.

அந்த ஓட்டைகள் பழுது அல்ல. நாம் விடும் கரியமில வாயு வெளியேறும் வாசல் அது. அதை அடைத்தால் விட்ட காற்றையே திரும்பத் திரும்ப இழுக்க வேண்டிவரும். உயிருக்கே ஆபத்து. இன்னொன்று: ஆஸ்பத்திரியில் பெரிய மிஷின்களோடு பயன்படும் ஓட்டையே இல்லாத மாஸ்க்கும் உண்டு. பார்ப்பதற்கு இதே மாதிரிதான் இருக்கும். தெரியாமல் அதை வாங்கி வீட்டு மிஷினில் அப்படியே மாட்டினால் அதே கதிதான்.

பத்தாம் நாள் மிஷின் பரண் ஏறியது. அதன் பிறகுதான் அந்த மீடியன் சம்பவம். மொபெட் முன்சக்கரம் நெளிந்தது. தக்காளிக் கூடை ரோட்டில் சிதறியது. முழங்கையில் ஆறு தையல். பின்னால் வந்த தண்ணீர் லாரி டிரைவர் பிரேக் அடித்ததால் அண்ணாச்சி இன்று கல்லாவில் இருக்கிறார்.

தினமும் பசை போட்டு ஒட்டினார்கள்

மாஸ்க் தொல்லை இன்று வந்தது அல்ல. மிஷின் பிறந்த நாளிலிருந்தே உண்டு.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன்தான் இந்தச் சிகிச்சையைக் கண்டுபிடித்தவர். 1980-ம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நோயாளிக்குச் செய்து பார்த்தார். அந்த நாளில் கடுமையான நோய்க்குக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பதுதான் வைத்தியம். அதற்குப் பதிலாக மூக்கு வழியே காற்றை அழுத்தினால் என்ன என்பது அவர் யோசனை. ஐந்து பேருக்குப் பலன் கிடைத்ததை 1981-ல் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்.

ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு நோயாளியின் மூக்கையும் மாவுக் கட்டில் அச்சு எடுத்து, அவரவருக்குத் தனி மாஸ்க் செய்தார்கள். ராத்திரி அதைப் பசை போட்டு முகத்தில் ஒட்டவேண்டும். காலையில் பிய்த்து எடுக்கவேண்டும். தினமும் இதே வேலை! ஆனாலும் அவரவர் மூக்குக்கு அளவெடுத்தார்கள். இன்று மிருதுவான சிலிக்கான் மாஸ்க் பல அளவில், பல தினுசில் வந்துவிட்டது. அளவெடுக்கத்தான் ஆளுக்குப் பொறுமை இல்லை.

பெஞ்சில் படுக்க வைத்தார்கள்

தையல் பிரித்த கையோடு அண்ணாச்சியை அவர் மகள் மறுபடி டாக்டரிடம் இழுத்துப் போனார். டாக்டர் கூறியதாவது:-

"மாஸ்க்கை உட்கார்ந்து பார்த்து வாங்கக் கூடாது. படுத்தால் முகத்துச் சதை சரிந்து அளவே மாறிவிடும். படுத்து, மிஷினை ஓடவிட்டு, மல்லாந்தும் இரண்டு பக்கம் ஒருக்களித்தும் பார்க்கவேண்டும். முதலில் வாரைத் தளர்த்திப் போட்டு, காற்று வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கவேண்டும். வாருக்கு அடியில் இரண்டு விரல் நுழையவேண்டும். ரப்பர் பலூன் மாதிரி உப்பினால்தான் முகத்தில் படியும். இறுக்கினால் மடிந்துபோய்க் கசியும்."

டாக்டர் மேலும் கூறும்போது, "முதலில் மூக்கு மாஸ்க்தான் பார்க்கவேண்டும். அமெரிக்கத் தூக்க மருத்துவச் சங்கம் 2019-ல் வெளியிட்ட நெறிமுறையும் அப்படித்தான் சொல்கிறது. மூக்கு அடைப்பு இருந்தால் அதற்கு முதலில் வைத்தியம் பார்க்கவேண்டும். எப்படியும் வாயால்தான் மூச்சு விடுவேன் என்பவருக்கு மட்டும் பெரிய மாஸ்க். பல் செட் கழற்றிவைத்துத் தூங்குகிறவர், மாட்டிப் பார்க்கும்போதும் கழற்றிவிடவேண்டும்" என்றார்.

இந்தத் தடவை வேறு கடை. அங்கே ஒரு பெஞ்சில் படுக்கவைத்து, டாக்டர் எழுதிய அழுத்தத்தில் மிஷினை ஓட்டினார்கள். முதல் மாஸ்க் சிறியது. இரண்டாவதற்கு மீசை தடை. "எடுத்துடலாமா அண்ணாச்சி?" என்று கடைப் பையன் கேட்டதும் அவர் பார்த்த பார்வையில் பையன் மூன்றாவதை எடுத்துவிட்டான்.

மூன்றாவது மாஸ்க் மூக்கை மூடுவதே இல்லை. இரண்டு சின்ன ரப்பர் மொட்டுகள் மூக்குத் துவாரத்தில் லேசாக உட்காரும். மீசைக்குச் சேதம் இல்லை. புண் இருந்த இடத்தில் எதுவும் படவில்லை. தூக்கத்தில் வாய் திறக்காமல் இருக்கத் தாடைக்கு ஒரு துணிப் பட்டி. பதினைந்து நிமிஷம் படுத்துப் பார்த்தார். அங்கேயே குறட்டையில்லாமல் தூங்கிவிட்டார்!

போட்டுப் பார்க்க இடம் தராத கடைகளும், பிடிக்காவிட்டால் மாற்றித் தராத கடைகளும் நிறைய. பணம் கொடுக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான். காந்தக் கொக்கி உள்ள மாஸ்க் என்றால், இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவரும், பக்கத்தில் அப்படி ஒருவர் படுப்பவரும் தொடக்கூடாது.

கரண்ட் போனால்?

பெரிய மாஸ்க்குகளில், காற்று நின்றால் தானே திறந்து வெளிக்காற்றை விடும் வால்வு இருக்கிறது. மூக்கு மாஸ்க் போட்டவர் வாயால் மூச்சு விட்டுக்கொள்ளலாம். ஆனால் மிஷின் நின்றால் நோய் பழையபடி ஆரம்பிக்கும். அண்ணாச்சி இன்வெர்ட்டரில் ஒரு பிளக் இழுத்துவிட்டார்.

படுக்குமுன் எண்ணெய் போக முகம் கழுவுகிறார். காலையில் ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைக்கிறார். பழகுவதற்காக முதல் வாரம் டி.வி. பார்க்கும்போதே அரைமணி மாட்டிக்கொண்டாராம். எத்தனை மணி நேரம் போட்டார், எவ்வளவு கசிந்தது என்று மிஷினே கணக்கு வைக்கிறது. போன மாதக் கணக்கில் தினமும் ஐந்தரை மணிக்குக் குறையவில்லை.

புது மாஸ்க் வந்த முதல் இரண்டு ராத்திரி, அவர் மனைவிக்குத்தான் தூக்கம் இல்லை. சத்தமே வராததால் பயந்துபோய், லைட்டைப் போட்டுப் போட்டு, வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாராம்.